அலுமாரியில் சாய்த்த கிட்டார்

எனக்கு முதன்முதலாகக் கையில் கிடைத்த கிட்டார் சிவப்பு நிறம். கரண்டில் வேலை செய்கிற கிட்டார். அது என்னுடையதும் இல்லை, எனக்காக வாங்கியதும் இல்லை. தெஹியோவிட்டவுக்கு மேலே நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் என் அண்ணன் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தான். குரூப் என்றுதான் சொல்வோம். கோயில் திருவிழா, கல்யாணம், சடங்கு என்று அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கூப்பிடுவார்கள். குரூப்பில் கிட்டார் வாசித்தவர் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது அதை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். "கட்டாருக்குப் போனவன் கிட்டார விட்டுட்டுப் போயிட்டான்" என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். போனவர் அங்கேயே நிலைத்துவிட்டார். கிட்டார் எங்கள் வீட்டுப் பரண்மேல் ஏறியது.

அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவார்கள். நான் பள்ளிக்கூடம் முடித்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்த காலம். சமையலை முடித்த பிறகு கிட்டாரை இறக்கி மடியில் வைத்துக்கொள்வேன். வாசிக்க வேண்டும் என்ற ஆசையைவிட, இது எப்படிச் சத்தம் போடுகிறது என்று பார்க்கிற ஆசைதான் அதிகம். கனமான பலகை. உள்ளே வெற்றிடம் இல்லை. கம்பிகளுக்குக் கீழே வரிசையாக இரும்புப் பொட்டுகள். ஒரு திருகைத் திருப்பினால் சத்தம் கூர்மையாகும். இன்னொன்றைத் திருப்பினால் போர்வைக்குள்ளிருந்து வருவது போலாகும். ஸ்பீக்கர் பெட்டியில் வயரைச் செருகிவிட்டுச் சும்மா இருந்தாலே ஒரு இரைச்சல் வரும். கம்பிமேல் கையை வைத்தால் இரைச்சல் நின்றுவிடும். என் கைக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஒரு நாள் அண்ணன் நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டான். நான் அவர்கள் வழக்கமாக வாசிக்கும் ஒரு பாட்டின் தொடக்கத்தை அடித்துக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றான்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. நீங்க பழகுறப்ப பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எங்க, திரும்ப அடி."

அடித்தேன். விரல் ஒரு இடத்தில் தவறியது. அவன் அதைக் கவனிக்காத மாதிரி தலையைச் சொறிந்தான். அடுத்த மாதம் திருவிழாவுக்குக் கிட்டார் ஆள் இல்லாமல் அவன் திண்டாடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். வேறு ஆள் கிடைத்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டான். கிடைக்கவில்லை.

அந்தத் திருவிழா மேடையில்தான் கரண்டு என்னை முதலில் தொட்டது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாமி கும்பிட்டுவிட்டு வெறுங்காலோடு ஈரப் பலகையில் ஏறி நின்றேன். பாட்டுக்கு நடுவே கூடச் சேர்ந்து பாடலாம் என்று மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனேன். உதட்டில் யாரோ ஊசியால் குத்தியது போல இருந்தது. துள்ளிப் பின்னால் வந்துவிட்டேன். கீழே இருந்தவர்கள் அதை ஆட்டம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். அண்ணன் டிரம்முக்குப் பின்னாலிருந்து தன் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளினான்.

"செருப்பப் போட்டுக்கிட்டு அடி! கம்பியில கை இருக்கிறப்ப மைக்ல வாய வைக்காத!"

ரப்பர் தோட்டத்துப் பிள்ளை, ரப்பர் செருப்பு இல்லாமல் மேடை ஏறினால் இப்படித்தான் என்று அப்பா பிறகு சொன்னார். எனக்குப் பயம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால், பயத்தைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. இத்தனை சத்தமும் என் கையின் வழியாகத்தான் போய் வருகிறது என்பது அன்றைக்குத்தான் உடம்பில் உறைத்தது.

அதற்குப் பிறகு சில வருடங்கள் நான் குரூப்பின் கிட்டார் ஆளாக இருந்தேன். அவிசாவளையிலும் கேகாலைப் பக்கத்திலும் சிங்களக் கல்யாணங்களுக்குக்கூடப் போனோம். அங்கே பைலாதான், எல்லோரும் எழுந்து ஆடுகிற துள்ளல் பாட்டு. கிட்டார் ஓயக் கூடாது. ஓய்ந்தால் ஆடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "நங்கி, தவ எகக்!" என்று, தங்கச்சி இன்னும் ஒன்று போடு என்று, வேர்த்து வடிகிற ஒரு மாமா மேடைக்கு முன்னால் வந்து கும்பிடுவார். போடுவேன். ஒரு கம்பியை அடித்து, விரலால் அதை மேல் நோக்கி வளைத்து இழுத்துப் பிடித்தால், அந்தச் சத்தம் நீண்டு நீண்டு மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போகும். அதைக் கேட்டபடி நிற்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

கரண்டு இல்லாத கிட்டாரை, அதாவது பொக்ஸ் கிட்டாரை, எங்கள் குரூப்பில் யாரும் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. அது ட்ரிப் போகிறவர்கள் பஸ்ஸின் பின் சீட்டில் வைத்துத் தட்டுகிற சாமான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் ஓப்பநாயக்கவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை கொழுந்து லொறி ஓட்டுகிறவர். மலைகளில் பறித்த பச்சைக் கொழுந்தை ஃபெக்டரிக்கு ஏற்றிப்போகிற வேலை. பெண் மேடையில் கிட்டார் வாசிக்கிறவள் என்பதை எங்கள் பக்கத்தார் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. தேத்தண்ணீர் கொடுக்கப் போன என்னிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"கிட்டார கொண்டாருவீங்களா?"

அண்ணன் கிட்டாரைக் கொடுத்துவிட்டான். ஸ்பீக்கர் பெட்டியைக் கொடுக்கவில்லை. அது குரூப்பின் சொத்து. இப்படித்தான் சத்தத்தின் ஒரு பாதி தெஹியோவிட்டவிலும் மறு பாதி ஓப்பநாயக்கவிலுமாகப் பிரிந்துபோனது.

புதுவீடு, வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய நீளமான லயத்தில் ஒரு காம்பரா. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் மாமி, என் கணவரின் அம்மா. மாமி மலையில் கொழுந்து பறிக்கிறவர். நாலு வார்த்தை பேசினால் அதில் மூன்று கேலியாக இருக்கும். நான் முதல் நாள் கிட்டாரைப் பையிலிருந்து எடுத்து வாசித்தபோது இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கேட்டார்.

"கரண்டு கிட்டார்னு ஊரெல்லாம் சொன்னாங்க. கொசு பாடுற மாதிரி இருக்கு?"

உண்மைதான். ஸ்பீக்கர் இல்லாமல் அந்தக் கிட்டார் அப்படித்தான். எனக்கு அது ஒரு வகையில் வசதியாக இருந்தது. யாருக்கும் தொந்தரவு இல்லை. கணவர் லொறிக்குப் போன பிறகு, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை கிடைக்கும்வரை, அந்தக் கொசுச் சத்தத்தோடு நான் தனியாக இருந்தேன். காதைப் பலகைக்குக் கிட்டே வைத்து வாசிப்பேன். பழைய பாட்டுகள் அந்தச் சின்னச் சத்தத்தில் வேறு மாதிரி கேட்டன. ஸ்பீக்கரில் மறைந்துபோயிருந்த என் தவறுகள் எல்லாம் தெரிந்தன.

ஒரு பிற்பகல், நல்ல மழை. கட்டிலில் உட்கார்ந்து கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் ஒரு ஆள் நுழைகிற இடம்தான். திரும்பியபோது கிட்டாரின் தலை அலுமாரிக் கதவில் போய் முட்டியது. அந்த நேரத்தில் என் விரல் ஒரு கம்பியைத் தட்டிவிட்டது. அலுமாரி பாடியது.

முதலில் யாரோ வெளியே ரேடியோ போட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கிட்டாரை விலக்கி அதே கம்பியை அடித்தேன். கொசு. திரும்ப அலுமாரியில் சாய்த்து அடித்தேன். கனத்த, உருண்டையான சத்தம் பலகைக்குள்ளிருந்து வந்தது. கதவைத் திறந்து வைத்து அடித்தேன். சத்தம் மெலிந்தது. கல்யாணச் சேலைகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, வெறும் அலுமாரியை மூடி அடித்தேன். இன்னும் திறந்த தொண்டையாக வந்தது. உடனே வீட்டில் இருக்கிற ஒவ்வொரு சாமானிலும் கிட்டாரின் தலையை வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். வாசல் கதவு நன்றாகப் பேசியது. சுவர் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் பீப்பாய் ஒரு மாதிரி முனகியது. தகரப் பெட்டி கிறீச்சிட்டது. சமையல் மேசை, ஆச்சரியமாக, அலுமாரிக்கு அடுத்தபடியாக வந்தது.

கணவர் வரும்போது நான் கிட்டாரைத் தூக்கி ஜன்னல் சட்டத்தில் முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். கட்டில் முழுக்கச் சேலை. அவர் மேலிருந்து பச்சைக் கொழுந்து வாசனை வந்தது.

"என்ன புள்ள, ஊருக்குப் போகப் போறியா?"

"இல்லைங்க. இங்க வாங்க. இந்தக் கதவுல காத வைங்க."

வைத்தார். நான் அடித்தேன். அவர் கண்கள் பெரிதாயின. "திரும்ப," என்றார். பிறகு, "அந்த மேசையில?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "லொறியில வச்சா?" என்றார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாட்டில் அவருக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஒரு சாமான் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் ஈடுபாடு. மறுநாள் ஞாயிறு. மழை விட்டிருந்தது. லொறியைக் கழுவிக் காயவைத்திருந்தார். பின்பக்கம் மரப்பலகை அடித்த லொறி. நான் உள்ளே ஏறி, கிட்டாரின் தலையைப் பக்கப் பலகையில் அழுத்தி அடித்தேன். அவர் வெளியே ஒவ்வொரு பலகையாகக் காதை வைத்துக்கொண்டு சுற்றி வந்தார். வேறொரு டிரைவர் பார்த்துவிட்டு, "மொகதே மே?" என்றார், என்ன இது என்று. இவர் சிங்களத்தில் விளக்கினார். அந்த ஆளும் வந்து காதை வைத்தார். இரண்டு பேரும் எந்தப் பலகை நல்ல பலகை என்று தர்க்கம் பண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

இறங்கி வந்தபோது அவர் சொன்னார்: "அப்ப ஒனக்கு வேண்டியது கரண்டு இல்ல புள்ள. பெட்டி."

பெட்டி என்றால் பொக்ஸ். சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை காலம் நாங்கள் மதிக்காத அந்தக் கிட்டாரைப் பற்றி நான் ஒருபோதும் அப்படி யோசித்ததே இல்லை. அது கரண்டு இல்லாத கிட்டார் அல்ல. தன் அலுமாரியைத் தானே சுமந்துகொண்டு வருகிற கிட்டார்.

பலாங்கொடையில் சப்பாத்தும் செருப்பும் பேக்கும் விற்கிற கடை ஒன்றில், பைகளுக்கு நடுவே ஒரு பொக்ஸ் கிட்டார் தொங்குவதை அவர் முன்பே பார்த்திருந்தார். ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போனோம். கடைக்காரர் வயதான முஸ்லிம் மனிதர். அவருடைய மகன் பழகுவதற்கு வாங்கியதாம். மகன் ஒரு மழைக்காலம் பழகிவிட்டு விட்டுவிட்டான்.

"வாங்க தங்கச்சி, எடுத்து அடிச்சிப் பாருங்க. எனக்கு ஒண்டும் தெரியாது. உள்ளுக்கு காத்து ஈக்கி, வெளியில கம்பி ஈக்கி, அவ்வளவுதான் தெரியும்."

ஒரு சப்பாத்துப் பெட்டியின்மேல் உட்கார்ந்து எடுத்தேன். அவ்வளவு பெரிய சாமான், தூக்கினால் பாரமே இல்லை. கம்பிகள் தடிப்பு. மேலே உயர்ந்து நின்றன. அழுத்தினால் விரல் நுனி வெட்டுப்படுவது போல வலித்தது. ஒரு பிடி பிடித்து எல்லாக் கம்பிகளையும் மெதுவாகத் தடவினேன். சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை, முன்னால் எங்கேயோ இருந்து வரவில்லை. என் விலா எலும்பிலிருந்து வந்தது. நான் நிமிர்ந்து கணவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கடைக்காரரிடம் பேரம் பேசத் தொடங்கியிருந்தார்.

கடைக்காரர் கட்டிக் கொடுக்கும்போது ஒரு கைப்பிடி சின்ன வெள்ளைப் பொதிகளை எடுத்துக் கிட்டாரின் நடுவில் இருந்த ஓட்டைக்குள் போட்டார். புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வருமே, ஈரம் உறிஞ்சுகிற பொதி, அது. "ஓப்பநாயக்கப் பக்கம் மழ கூட. இதுகள உள்ளுக்குப் போட்டு வைங்க. முடிஞ்சா வந்து எடுத்துட்டுப் போங்க. சப்பாத்து விக்கிற நாளெல்லாம் இது ஈக்கும்."

புதிய கிட்டார் கையோடு உடனே ஒத்துப்போகவில்லை. எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் அதில் செத்துப்போனது. கம்பியை வளைத்து இழுத்தால் வளையாது. இழுத்துப் பிடிக்கலாம் என்றால், அடித்த சத்தம் தீக்குச்சி மாதிரி எரிந்து உடனே அணைந்துவிடும். பிக் என்கிற சின்னப் பிளாஸ்டிக் துண்டால் அடித்தால் தகரத்தில் கல் விழுகிறது போலிருக்கும். பல வாரம் கோபமாக வந்தது. பிறகு ஒரு நாள், அணைந்துவிடுகிற சத்தத்தோடு ஏன் சண்டை போடுகிறேன், அது அணைவதற்குள் இன்னொன்றைப் பற்றவைத்தால் என்ன என்று தோன்றியது. பிக்கை வைத்துவிட்டு வெறும் விரல்களால் ஒவ்வொரு கம்பியாகத் தொடத் தொடங்கினேன். கட்டை விரலுக்கு ஒரு வேலை, மற்ற விரல்களுக்கு ஒரு வேலை. குரூப்பில் நான் வாசித்தது ஒரு வரி. இங்கே டிரம்மும் நான்தான், பாட்டும் நான்தான். வலது கை இத்தனை நாள் பாதித் தூக்கத்தில் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

மாமி இந்தச் சத்தத்தைக் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரு நாள் நேரடியாகக் கேட்டேன்.

"மாமி, சத்தம் தொந்தரவா இருக்குதுங்களா?"

"தொந்தரவுன்னா சொல்ல மாட்டேனா? நேத்து எதுக்குப் பாதியில நிறுத்துன?"

"கை வலிச்சிருச்சு மாமி."

"நான் முடியட்டும், அப்புறம் எந்திரிக்கலாம்னு ஒக்காந்திருந்தேன். சோறு அடிப்பிடிச்சுப் போச்சு."

அந்த அடிப்பிடித்த சோற்றுக்குத்தான் அன்றைக்குப் பொக்ஸ் கிட்டாரில் நான் முதல்முறை ஒரு பாட்டை முழுதாக முடித்தேன்.

பிறகு நான் உண்டானேன். வயிறு தெரியத் தொடங்கிய பிறகும் சிவப்புக் கிட்டாரை எடுத்தேன். அதன் விளிம்பு வயிற்றில் குத்தியது. பொக்ஸ் கிட்டாரின் முதுகு வளைவில்லாத தட்டையான பலகை. அதை வயிற்றின்மேல் சாய்த்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தபோது, தடித்த கம்பியை அடித்த மறு நொடி உள்ளே ஒரு உதை. கையை நிறுத்தினேன். ஒன்றுமில்லை. மெல்லிய கம்பியை அடித்தேன். ஒன்றுமில்லை. தடித்ததை அடித்தேன். உதை. அன்றைக்கு மாலை அவர் வந்ததும் காட்டலாம் என்று வைத்து அடித்தால், பிள்ளை தூங்கிவிட்டது போலிருக்கிறது, அசையவே இல்லை. அவர் நான் சும்மா சொல்கிறேன் என்று நினைத்தார். கிளினிக்கில் மருத்துவிச்சியம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"காது கேக்கத் தொடங்கியிருக்கும். கேக்குதா, இல்ல அந்த அதிர்வுதான் தெரியுதான்னு யாருக்குத் தெரியும்? நல்லதாப் பாத்து வாசி."

அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. கேட்பது எங்கே முடிகிறது, அதிர்வது எங்கே தொடங்குகிறது? கடைசி மாதங்களில் கிட்டாரைப் பிடிக்கவே முடியவில்லை. பக்கவாட்டில் படுத்து, அதைக் கட்டிலில் கிடத்தி, ஒரு கையால் மட்டும் தடித்த கம்பியைத் தொட்டுக்கொண்டு கிடப்பேன். மகள் பிறந்த பிறகு தடித்த கம்பி, மெல்லிய கம்பி எதற்கும் அவள் தனியாக ஒன்றும் காட்டவில்லை. பிரஷர் குக்கர் சத்தம்தான் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

இப்படிச் சொல்வதால் நான் ஒரே நாளில் மாறிவிட்டேன் என்று நினைக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்குப் பிறந்த தோட்டத்துக்குப் போவேன். ரத்தினபுரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து அவிசாவளைக்கு ஒன்று, பிறகு தெஹியோவிட்டவுக்கு ஒன்று. மடியில் பிள்ளை, தோளில் சிவப்புக் கிட்டார். மேடையில் நின்றதும் பழைய சந்தோஷம் ஓடி வரும். ஆனால், ஒவ்வொரு வருடமும் என் கை திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனதை நான் கவனிக்கவில்லை. கவனித்தது அண்ணன்.

"என்னடி, சவுண்டே இல்ல? பாட்டரி ரேடியோவா வாசிக்கிற?"

"எனக்கு நல்லாத்தான் கேக்குது."

"ஒனக்குக் கேட்டாப் போதுமா? ரோட்டுல போறவனுக்குக் கேக்க வேணாமா?"

ஒரு வருடம் துணிந்து பொக்ஸ் கிட்டாரைக் கொண்டுபோனேன். அதன் ஓட்டைக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்தார்கள். பாட்டுத் தொடங்குவதற்கு முன்பே ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஊளை கிளம்பியது. மைக்கைத் தள்ளி வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. கிட்டே வைத்தால் ஊளை. சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்து கிட்டாரின் வயிற்றுக்குள் நுழைந்து, அங்கிருந்து மைக்குக்குப் போய், திரும்ப ஸ்பீக்கருக்குப் போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பதை நான் புரிந்துகொள்வதற்குள் பூசாரி காதைப் பொத்திக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். அந்த வருடம் நான் கைத்தாளம் தட்டினேன்.

அடுத்த மழைக்காலத்தில் கிட்டாரே உடைந்தது. உடைந்தது என்றால், கம்பிகள் வந்து சேருகிற கீழ்க் கட்டை பலகையை விட்டு மெல்ல மெல்ல எழுந்து வந்துவிட்டது. இந்தப் பக்கத்து ஈரம் அப்படி. உப்பு தண்ணீராகும், செருப்பில் பூசணம் பூக்கும். வெள்ளைப் பொதிகள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நான் அழுதுவிட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பிகளைக் கழற்றினார். தச்சுப் பசை வாங்கி வந்து பூசி, லொறிச் சக்கரத்தின் ஓட்டை டியூப்பை நாடா நாடாவாகக் கிழித்து, கிட்டாரைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். சில நாள் அது கட்டுப்போட்ட கையோடு ஆஸ்பத்திரியில் இருக்கிற ஆள் மாதிரி அலுமாரிமேல் படுத்திருந்தது.

அவிழ்த்துக் கம்பி போட்டு அடித்தபோது சத்தம் மாறியிருந்தது. கொஞ்சம் இருண்ட சத்தம். முன்பைவிடச் சின்னது, ஆனால் ஆழம்.

"பழுதாப் போச்சா?" என்றார்.

"தெரியல. வேற மாதிரி இருக்கு."

"வேற மாதிரின்னா நல்லதா, கெட்டதா?"

"அதாங்க தெரியல."

எங்கள் பேச்சு அடிக்கடி இப்படித்தான் முடியும். ஆனால், அன்றிலிருந்து நான் மழை நாள் சத்தம், வெயில் நாள் சத்தம் என்று பிரித்துக் கேட்கப் பழகினேன். தொடர்மழையில் அது வாயை மூடிக்கொண்டு பேசும். நல்ல வெயில் நாலு நாள் காய்ந்தால் வாயைத் திறக்கும். சிவப்புக் கிட்டாருக்கு இந்த ஊர் தெரியாது. எங்கே கொண்டுபோய்ச் செருகினாலும் ஒரே சத்தம்தான்.

நாடே எண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் கரண்டு மணிக்கணக்கில் போகும். டிவி இல்லை, ஃபோனில் சார்ஜ் இல்லை. மாலையில் லயத்து ஆட்கள் எல்லோரும் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார்கள். நான் என் பாட்டுக்கு வாசலில் வாசித்துக்கொண்டிருந்தேன். நான்காவது காம்பராவில் இருந்தவர், "அக்கா, கொஞ்சம் சத்தமா," என்றார். இதற்குமேல் சத்தம் வராது என்றேன். அவர் பாயைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்து உட்கார்ந்தார். பிறகு இன்னொருவர். மேடையில் இருந்த காலம் முழுக்க, நான் சத்தத்தை ஆட்களிடம் அனுப்பினேன். இங்கே ஆட்கள் சத்தத்திடம் வந்தார்கள். வந்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், பிள்ளைகளைக்கூட அமர்த்தினார்கள். மாமி ஒரு பழைய கும்மிப் பாட்டை முனகினார். அதற்கு எந்தப் பிடி பொருந்தும் என்று தேடிக்கொண்டே போனேன். அவர் சுருதி மாறிக்கொண்டே போனது. நான் விடாமல் பின்னால் ஓடினேன்.

"நீ என்னத் தொரத்துற," என்றார் மாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

போன வருடம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். குரூப் கலைந்து பல காலமாகிவிட்டது. அவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தான். இப்போது கேகாலையில் பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் மறுபடி தொடங்கப்போவதாகவும், சிவப்புக் கிட்டார் வேண்டும் என்றும் சொன்னான். எடுத்துக் கொடுத்தேன். திருகுகளில் தூசி. அவன் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"இத ஏன் விட்ட? நீ நல்லா வாசிச்ச."

ஸ்பீக்கர் இல்லாததாலா, அலுமாரியாலா, பிள்ளையாலா, கரண்டு போனதாலா? ஒவ்வொன்றும் கொஞ்சம் உண்மை. எதுவும் முழு உண்மை இல்லை.

"விடலாம்னு விடல அண்ணே. அது என்னன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இந்தப் பக்கம் வந்துட்டேன்."

"எங்க, அந்தப் பெட்டிய அடி பாப்போம்."

வாசித்தேன். அவன் சமையல் மேசையில் விரல்களால் தாளம் தட்டத் தொடங்கினான். பழைய வேகம். நான் மெதுவாகப் போனேன். "இழுக்காத," என்றான். "நீங்க ஓடாதீங்க," என்றேன். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. பாட்டு நடுவில் எங்கேயோ கிழிந்துபோனது. ஆனால், அவன் எழுந்து போகவில்லை. மேசையின் ஓரத்தில் ஒரு சத்தம், நடுவில் ஒரு சத்தம் வருகிறது என்று அவனாகவே கண்டுபிடித்து, இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். கேகாலையில் நன்றாக வாசிக்கிறார்கள் என்று கேள்வி. போய்க் கேட்க வேண்டும்.

இந்த வாரம் தடித்த கம்பி ஒன்றைப் புதிதாகப் போட்டேன். புதுக் கம்பி தளர்ந்துகொண்டே வரும், திரும்பத் திரும்ப முறுக்க வேண்டும். நேற்று பிள்ளைக் காம்பராவிலிருந்து வந்து எடுத்தபோது அது நன்றாக இறங்கிக் கிடந்தது. முறுக்கலாம் என்று கையைக் கொண்டுபோனவள், முறுக்காமல் அப்படியே அடித்துப் பார்த்தேன். இதுவரை அந்தக் கிட்டாரில் நான் கேட்டிராத ஒரு அடிச்சத்தம். இன்னும் கொஞ்சம் இறக்கினேன். மற்ற கம்பிகளோடு சேர்ந்து ஏதோ ஒரு கதவு திறந்தது போல முழங்கியது. எனக்குத் தெரிந்த பிடிகள் ஒன்றும் இனி அதற்குப் பொருந்தாது. விரலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு இடத்தில் வைத்தேன். தப்பாக இருந்தது. அடுத்த கட்டத்தில் வைத்தேன்.